கரண்ட் போகும் ஊரில் பிஎஸ்4: மூன்று வருட அனுபவம்

"மாமா, செகண்ட் ஹேண்ட் பிஎஸ்4 விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா?" என்று பண்டாரவளையிலிருந்து அக்கா மகன் கேட்கிறான். பிஎஸ்4 என்பது டிவியில் மாட்டி விளையாடும் ப்ளேஸ்டேஷன் 4 கேம் பெட்டி. போன வாரம்தான் என் பிஎஸ்4 ஸ்லிம்முக்கு ஹார்ட் டிஸ்க் மாற்றினேன். அந்தக் கோபம் ஆறுவதற்குள் கேட்டுவிட்டான்.

2023இல் ஹட்டனில் 72,000 ரூபாய்க்கு வாங்கியது. படத்தின் தெளிவைப் பற்றி யாருக்கும் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குப் பிடித்தது கேம் டிஸ்க்தான். ஒன்றை முடித்ததும் கூட்டாளியிடம் கொடுத்து வேறொன்றை வாங்கி வரலாம். தனியாக விளையாட இன்டர்நெட் தேவையில்லை. அப்டேட் மட்டும் பல ஜிபி கேட்கும். அதை இரவு டேட்டாவில் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவேன். இத்தனை நாளில் கடையில் புது டிஸ்க் வாங்கியது இரண்டே தடவை. சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற வீட்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கரண்ட்! தலவாக்கலைப் பக்கம் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் எந்த நேரத்தில் யூகலிப்டஸ் கிளை முறிந்து கம்பியில் விழும் என்று சொல்ல முடியாது. மேல் கொத்மலை அணைக்கட்டு எங்கள் டவுனில்தான் இருக்கிறது, 150 மெகாவாட் மின்நிலையத்துக்கு இங்கிருந்துதான் தண்ணீர் போகிறது. இருந்தாலும் மரம் விழுந்தால் கம்பி அறும். அதற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு ஆத்திரம் வருவது கரண்ட் திரும்பி வந்த பிறகு. பெட்டி நேராகத் திறக்காது. கன்ட்ரோலரை யூஎஸ்பி வயரில் மாட்டு என்கும். பிறகு சேமிப்பகத்தைச் சோதிக்கும். எல்லாம் முடிந்து, முறையாக நிறுத்தவில்லை, இனி இப்படிச் செய்யாதே என்று ஒரு அறிவிப்பு. நானா நிறுத்தினேன்? மூன்று வருடமாக அதைப் படிக்கிறேன், ஒவ்வொரு தடவையும் அதே எரிச்சல். முழுதாக அணைக்காமல் தூங்கவைக்கும் ரெஸ்ட் மோடில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாலும் இதே கதைதான்.

பெட்டி ஹார்ட் டிஸ்க்கில் எதையாவது பதிந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் கெட்டுப்போகலாம். என்னுடையது ஏற்கனவே யாரோ பாவித்து வந்தது, கடைசியில் திறக்கவே இல்லை. மாற்றுவது சுலபம்: பின்பக்க மூடியைக் கழற்றினால் ஒரே ஒரு பெரிய ஸ்க்ரூ, உள்ளே லேப்டாப்பில் போடும் அதே 2.5 அங்குல டிஸ்க். சிஸ்டம் சாஃப்ட்வேரை பென் டிரைவில் இறக்கி நானே ஏற்றினேன். இப்படி ஒரு சாதாரண ஆள் திறந்து மாற்றும்படி செய்தவர்களை மனதார வாழ்த்துகிறேன். ஆனால் மகன் மாதக்கணக்கில் விளையாடிச் சேர்த்த சேவ் எல்லாம் போய்விட்டது. இன்டர்நெட் வழியாகக் கிளவுடில் வைக்க மாதச் சந்தா கட்ட வேண்டும், நாங்கள் கட்டவில்லை. பென் டிரைவில் காப்பி எடுக்க வழி இருந்தது. நான் எடுத்து வைக்கவில்லை. அன்றிரவு அவன் சாப்பிடாமலே படுத்துவிட்டான்.

அலுமாரி மேல் இருந்த பிஎஸ்2வை எடுத்துக் கொடுத்தேன். பனிக்காலத்தில் லென்ஸ் சில டிஸ்க்கைப் படிக்க அடம்பிடிக்கும், அது உண்மை. ஆனால் கரண்ட் போய் வந்தால் பட்டனை அழுத்தியதும் திறந்துவிடும், ஒரு கேள்வி கேட்காது. 8 எம்பி மெமரி கார்டில் 2009இல் போட்ட என் சேவ் இன்னும் இருக்கிறது.

சரி, மருமகனுக்குப் பதில். பிஎஸ்4 ஸ்லிம்மின் லேபிளில் போட்டிருப்பது 165 வாட், ஆகவே கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் பேட்டரியில் ஓடவைக்கும் 650 விஏ யூபிஎஸ் ஒன்று இருந்தால் கேமைச் சேவ் செய்து ஒழுங்காக நிறுத்த நேரம் கிடைக்கும். அந்தக் காசையும் விலையோடு கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். படிக்கிற பையன் அவன், இரண்டுக்கும் சேர்த்து எங்கே போவான்? இப்போதைக்கு வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டேன்.