பண்ணை இறைச்சியா, ஆய்வக இறைச்சியா? என் முடிவும் அதற்கான கணக்கும்

மாட்டிறைச்சியையும் ஆட்டிறைச்சியையும் நான் விட்டு இரண்டு வருடம் ஆகிறது. கோழி மட்டும் எப்போதாவது உண்டு. விட்டதற்குக் காரணம் மதமோ உடம்போ இல்லை, பூமியின் மேல் அவை ஏற்றும் சுமைதான். ருசி பிடிக்காமல் போய்விடவில்லை, இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் மனசு அந்தப் பக்கம் போகிறது. அதனால் ஆய்வகத்தில் வளர்த்த இறைச்சி கைக்கு எட்டினால் வாங்குவாயா என்று வீட்டில் கேட்டபோது நன்றாக யோசித்துத்தான் சொன்னேன்: மாட்டுக்குப் பதிலாக என்றால் வாங்குவேன், கோழிக்குப் பதிலாக என்றால் இப்போதைக்கு மாட்டேன். ஏன் இந்த வித்தியாசம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தெரிந்த விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விலங்கிலிருந்து கொஞ்சம் திசு எடுத்து, அதிலுள்ள செல்களைச் சர்க்கரை, அமினோ அமிலம், உப்பு, வைட்டமின் எல்லாம் கலந்த கரைசலில் போட்டு எஃகுத் தொட்டியில் பெருக்குகிறார்கள். சோயாவை இறைச்சி மாதிரி செய்வது வேறு, இது இறைச்சியேதான். வெட்ட வேண்டியதில்லை, நெரிசலான கொட்டகையில் நோய் பரவாமலிருக்க ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியதில்லை. நிலக் கணக்கிலும் பண்ணை தோற்றுவிடுகிறது, உலகின் விவசாய நிலத்தில் முக்கால் பங்குக்கும் மேல் கால்நடைக்கும் அதன் தீவனத்துக்கும் போகிறது, திரும்பக் கிடைப்பதோ மனிதர்கள் சாப்பிடும் கலோரியில் 18 சதவீதம்தான்.

எனக்கு நீண்ட நாள் உறுத்தலாக இருந்தது கன்றுக்கரு சீரம். சினைமாட்டை வெட்டும்போது வயிற்றிலிருக்கும் கன்றின் ரத்தத்திலிருந்து எடுப்பது அது, செல் வளர அதைத்தான் கரைசலில் சேர்த்துவந்தார்கள். 2020 டிசம்பரில் சிங்கப்பூர் உலகிலேயே முதலாக விற்பனைக்கு அனுமதித்த ஆய்வகக் கோழியின் தயாரிப்பிலும் அது இருந்தது. 2023 ஜனவரியில் அதே நாடு சீரம் சேர்க்காத முறைக்கும் அனுமதி கொடுத்தது. அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் இந்தப் பக்கம் எனக்கு நம்பிக்கை வந்தது.

சரி, இப்போது என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். மின்சாரம்.

ஒரு மாடு தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்கிறது, உள்ளே வரும் கிருமியோடு தானே போராடுகிறது, கழிவை ஈரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. தொட்டியில் கிடக்கும் செல்லுக்கு இது எதுவும் கிடையாது. 37 டிகிரியில் வெப்பம் குறையாமல் வைக்க வேண்டும், ஆக்சிஜன் செலுத்த வேண்டும், கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், சேரும் அம்மோனியாவையும் லாக்டிக் அமிலத்தையும் கட்டுக்குள் வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே கிருமி. விலங்குச் செல் ஒன்று இரண்டாகப் பெருக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், பாக்டீரியாவுக்கு 20 நிமிடம் போதும். கொஞ்சம் புகுந்துவிட்டாலும் ஓரிரு நாளில் முழுத் தொட்டியும் வீண். எனவே உடம்பு சும்மா செய்துகொடுக்கிற வேலையை எல்லாம் நாம் மின்சாரம் கொடுத்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

இதனால் பூமிக்கு ஏறும் சுமை எவ்வளவு என்பதில்தான் ஆராய்ச்சியாளர்கள் மோதுகிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் 2023ல் போட்ட கணக்கில், கரைசலின் பொருட்களை மருந்துத் தரத்துக்குச் சுத்திகரித்தால் ஒரு கிலோவுக்கான புவி வெப்பப் பாதிப்பு மாட்டிறைச்சியைவிட 4 முதல் 25 மடங்குவரை போகலாம் என்று வந்தது. 2019ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் இன்னொரு நுட்பத்தைச் சொன்னார்கள்: மாடு விடும் மீத்தேன் வாயு பூமியைச் சூடாக்குவதில் வீரியமானது, ஆனால் சுமார் 12 வருடத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும், மின்நிலையம் விடும் கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் இறைச்சித் தொழிற்சாலை நெடுங்காலத்தில் மாட்டைவிட மோசமாகக்கூட ஆகலாம் என்று அர்த்தம். இன்னொரு பக்கம், நெதர்லாந்தின் சிஇ டெல்ஃப்ட் நிறுவனத்தின் ஆய்வு, தொழிற்சாலை புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் ஓடினால் மாட்டிறைச்சியைவிட உமிழ்வு நன்றாகவே குறையும் என்கிறது.

இவற்றைப் படித்தபின்னும் நான் தொட்டியின் பக்கம் சாய்வதற்குக் காரணம் ஒன்றுதான். மின்சாரத்தை மாற்ற முடியும், கரைசலை உணவுத் தரத்தோடு நிறுத்திக்கொள்ளவும் வழி தேடுகிறார்கள். மாட்டின் வயிற்றை அந்த அளவுக்கு மாற்ற முடியாது. அசைபோடும் விலங்கின் இரைப்பையில் புல்லை நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் இருக்கும்வரை மீத்தேன் வரத்தான் செய்யும். அதைக் குறைக்கும் தீவனச் சேர்க்கைகள் வந்திருக்கின்றன, ஆனால் தொழுவத்தில் கட்டித் தீவனம் வைக்கும் மாட்டுக்குக் கொடுப்பது சுலபம், நாள் முழுக்க மேய்ச்சல் நிலத்தில் திரியும் மாட்டுக்குக் கொடுப்பது கஷ்டம். அப்புறம், தின்பதில் பெரும்பகுதியை மாடு உயிரோடு இருக்கவும் நடக்கவும் எலும்பும் தோலும் வளர்க்கவும் செலவழிக்கிறது. அது உயிரின் இயல்பு, பண்ணையை எவ்வளவு சீர்திருத்தினாலும் ஓர் எல்லைக்கு மேல் குறையாது.

கோழி விஷயம் அப்படி இல்லை. அது அசைபோடுவதில்லை, ஆறேழு வாரத்தில் வளர்ந்துவிடுகிறது, ஒரு கிலோ எடை ஏறுவதற்கு இரண்டு கிலோவுக்குள்தான் தீவனம் கேட்கிறது. அதனால் தொட்டிக் கோழி சுத்தமான மின்சாரத்தில் வந்தால்கூட, வெப்பமயமாதல் கணக்கில் பண்ணைக் கோழிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். நிலக்கரியில் வந்தால் தோற்கும். இதில் எனக்குச் சங்கடம் உண்டு, ஏனென்றால் கொட்டகைக் கோழி படும் பாடு மாடு படுவதைவிடக் குறைவில்லை. உயிர் வதைதான் முதல் கவலை என்றால் நீங்கள் எனக்கு நேர்மாறான முடிவுக்கு வரலாம், அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

ருசியைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, சாப்பிட்டதில்லை. 2013ல் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் போஸ்ட் லண்டனில் காட்டிய முதல் பர்கரைச் சாப்பிட்டவர்கள் இறைச்சி மாதிரியே இருக்கிறது, ஆனால் கொழுப்பு இல்லை என்றார்கள். அந்த ஒன்றைச் செய்ய ஆன செலவு சுமார் 2.5 லட்சம் யூரோ. இன்றைக்கு அவ்வளவு இல்லை என்றாலும் பண்ணை விலைக்கு இன்னும் இறங்கவில்லை. துண்டுக்கறி இன்னும் சிரமம், ரத்தக்குழாய் இல்லாத தசை கொஞ்சம் தடித்தாலே உள்ளேயுள்ள செல் மூச்சில்லாமல் செத்துவிடும். கொத்துக்கறி வகைதான் முதலில் வரும் என்பது என் ஊகம்.

இத்தாலி 2023லும் அமெரிக்காவின் ஃப்ளோரிடா 2024லும் இதைத் தடை செய்தது எனக்கு வருத்தம். விவசாயிகளின் பயம் புரிகிறது, ஆனால் விற்கவே விடாவிட்டால் தொழிற்சாலைகள் பெரிதாகவும் வழியில்லை, இந்தக் கணக்குகளில் எது சரி என்று பார்க்கவும் வழியில்லை. என் கைக்கு அந்தப் பொட்டலம் வரும் நாளில் முதலில் தேடப்போவது, தொழிற்சாலைக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற தகவலை. காற்றாலை, சூரிய ஒளி என்று இருந்தால் மாட்டிறைச்சிக்குப் பதிலாக அதை எடுத்துக்கொள்வேன். அதுவரை பருப்பும் பயறும், எப்போதாவது கோழியும்.