வளவில் தொங்கும் வட்டக் கூண்டு: வீட்டுக்குக் களை, பட்ஜிக்குத் தொல்லை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பறவை வளர்ப்போர் முதலில் வாங்குவது வட்டக் கூண்டைத்தான். குவிந்த கூரை, மேலே கொக்கி, உள்ளே இரண்டு பிளாஸ்டிக் குச்சி, ஒரு கண்ணாடி. வளவு என்னும் நடுமுற்றத்தின் தூண்களுக்கு நடுவே மாட்டினால் வீட்டுக்கே களை கூடும். ஆனால் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று நாம் வாங்கி வரும் பட்ஜிக்கு அது ஒத்துவராது.

பட்ஜி பக்கவாட்டில் பறக்கும் பறவை. 14 அங்குல வட்டத்துக்குள் சிறகை விரித்ததுமே கம்பி இடிக்கும். மிரண்டால் ஒதுங்க ஒரு மூலைகூட இல்லை. உச்சியில் கம்பிகள் நெருங்கிக் கூடுகிற இடம்தான் ஆக மோசம். ஏறும்போது விரல் சிக்கிக்கொள்ளும்.

ஒரே பருமனுள்ள வழவழப்பான குச்சியில் நாளெல்லாம் உட்கார்ந்தால் பாதம் புண்ணாகும். மருந்தடிக்காத கொய்யாக் கிளையோ வேப்பங்கிளையோ, அரை அங்குலத்துக்கு முன்பின் பருமனில் மாட்டுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள், தன் உருவத்தைத் துணையென்று நம்பி இரையைக் கக்கி ஊட்டப் பார்க்கும். துத்தநாக முலாம் பூசிய புதுக் கம்பியில் அதன் துகள் ஒட்டியிருக்கும். கொத்தித் தின்றால் விஷம். வினிகரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகே பறவையை விடவேண்டும்.

கூண்டு ஒத்துவரவில்லை என்பதைப் பறவையே காட்டும்: சத்தம் அடங்கும், பகலிலும் உப்பிக்கொண்டு உட்காரும், நெஞ்சு இறகைப் பிடுங்கும். உதிர்ந்த இறகை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குறுக்கே மெல்லிய கோடு ஓடினால், அது முளைத்த நாட்களில் பயமோ நோயோ சத்துக்குறைவோ இருந்திருக்கிறது. மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கினால் அன்றே கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். சித்திரை வெயிலில் அலகைத் திறந்து சிறகை அகற்றி வைத்தால் சூடு தாங்கவில்லை என்று பொருள். உடனே நிழலுக்கு மாற்றுங்கள்.

வளவு நடுவில் எல்லாப் பக்கமும் திறப்பு; வல்லூறு நிழல் விழுந்தாலே பதறும். வளவை ஒட்டிய கூடமான பட்டாலையில் ஒரு பக்கம் சுவரை ஒட்டி, கண் உயரத்தில் வையுங்கள். இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். அடுப்படிப் பக்கம் மட்டும் வேண்டாம். பறவை நாக்குக்கு மிளகாய் உறைக்காதுதான். ஆனால் தாளிப்புப் புகையை அதன் நுரையீரல் தாங்காது. அளவுக்கு மீறிச் சூடேறிய நான்ஸ்டிக் சட்டியின் ஆவி உயிரையே எடுத்துவிடும்.

ஒரு ஜோடிக்கு 30 அங்குல நீளம், 18 அகலம், 18 உயரத்தில் செவ்வகக் கூண்டு வாங்குங்கள். கம்பி இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது. வட்டக் கூண்டை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களென்றால், மணிபிளான்ட் தொட்டி அதில் கச்சிதமாக உட்காரும்.