எஸ்எம்ஆர்டியா, எஸ்பிஎஸ் டிரான்சிட்டா?

சிங்கப்பூரின் எம்ஆர்டி (நகர ரயில்) தடங்களை எஸ்எம்ஆர்டி, எஸ்பிஎஸ் டிரான்சிட் என்ற இரு நிறுவனங்கள் ஓட்டுகின்றன. எஸ்எம்ஆர்டி ரயில் நின்றுபோனால், "எல்லாத் தடத்தையும் எஸ்பிஎஸ்ஸிடம் கொடுத்துவிடுங்கள்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவுக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான், லிட்டில் இந்தியா நிலையத்தில் சந்திக்கும் வடகிழக்குத் தடம், டவுன்டவுன் தடம் இரண்டையும் ஓட்டுவது எஸ்பிஎஸ் டிரான்சிட். ஆனால் இந்த ஒப்பீடு நியாயமில்லை.

முதலில் வயதைப் பாருங்கள். எஸ்எம்ஆர்டியிடம் இருக்கும் வடக்கு-தெற்குத் தடம் 1987இல் தொடங்கியது. வடகிழக்குத் தடம் 2003, டவுன்டவுன் 2013, இரண்டுமே ஓட்டுநர் இல்லாத ரயில்கள். பழைய தடத்தில் தண்டவாளத்துக்கு அடியிலுள்ள மரக்கட்டைகள், சிக்னல், மின்விநியோகம் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருந்தது, அதுவும் பெரும்பாலும் ரயில் ஓடாத அந்தச் சில மணி நேர இரவுக்குள்.

அதற்காக எஸ்எம்ஆர்டியை விட்டுவிட முடியாது. 2011 டிசம்பரில் மின்சாரம் தரும் மூன்றாம் தண்டவாளம் தொய்ந்து ரயில்கள் இரண்டு நாள் தடைப்பட்டன. பராமரிப்பு போதவில்லை என்றது விசாரணைக் குழு, 20 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். 2017இல் பீஷான் அருகே சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தபோதோ, தண்ணீர் இறைக்கும் பம்புகளைப் பராமரித்ததாகப் பொய்யாக எழுதி வைத்திருந்தது வெளியே வந்தது. இதைத் தடத்தின் வயது மேல் போட முடியாது, என்னால் மன்னிக்க முடியாததும் இதுதான்.

சரி, எஸ்பிஎஸ்? 2012 மார்ச்சில் மேலே போகும் மின்கம்பி அமைப்பு பழுதாகி வடகிழக்குத் தடம் மணிக்கணக்கில் முடங்கியது, 4 லட்சம் வெள்ளி அபராதம். 2025 ஆகஸ்டில் மறுபடி மின்கோளாறு.

அப்புறம் பணம். முன்பு ரயிலும் சிக்னலும் நிறுவனத்தின் சொத்து, பங்குதாரருக்கு லாபமும் காட்டிக்கொண்டு புது ரயிலும் வாங்க வேண்டும் என்றால் எது தள்ளிப்போகும் என்று சொல்லத் தேவையில்லை. 2016இல் எஸ்எம்ஆர்டியின் ரயில் சொத்துகளைச் சுமார் 100 கோடி வெள்ளிக்கு அரசின் நிலப் போக்குவரத்து ஆணையம் வாங்கிக்கொண்டது, அதே ஆண்டு அரசு முதலீட்டு நிறுவனமான டெமாசெக் எஸ்எம்ஆர்டியைப் பங்குச் சந்தையிலிருந்தும் விலக்கியது. சொத்து ஆணையத்துடையது, ஓட்டுவது மட்டும் நிறுவனம் என்ற அந்த ஏற்பாட்டுக்கு வடகிழக்குத் தடம் 2018இல் வந்தது, டவுன்டவுன் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். எனக்கு இந்த மாற்றம் பெரிது, ஓட்டுவது யார் என்பதைவிட.

இன்றைக்கு ஒரு தடத்தை நம்பிக் கிளம்பச் சொன்னால் டவுன்டவுனைத்தான் சொல்வேன். ஆனால் 2024இல் ஜூரோங் வட்டாரத் தடமும் எஸ்பிஎஸ், பிரான்சின் ஆர்ஏடிபி டெவ் கூட்டணிக்கே போயிருக்கிறது, மறுபடியும் புதுத் தடம். எஸ்பிஎஸ்ஸை அதை வைத்து எடைபோடாதீர்கள், 20 வயது தாண்டிவிட்ட வடகிழக்குத் தடத்தை இனி எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள்.