ஆத்தங்குடித் தரை நின்றது, முகப்புத் தூண்கள் நிற்கவில்லை

தேவகோட்டையில் இருக்கும் நண்பர் போன வாரம் தொலைபேசியில் கேட்டார்: "அண்ணே, லெகோ விலை நமக்குக் கட்டுப்படியாகாது. நீங்கள் வாங்கின அந்த மலிவான செங்கல்லையே நானும் வாங்கட்டுமா?" லெகோ என்பது ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பொருத்தும் பிளாஸ்டிக் செங்கல் பொம்மை; நண்பர் கேட்டது அதைப் போலவே வேறொரு கம்பெனி விற்கும் மலிவான செங்கற்களை. அந்தச் செங்கற்களோடு நான்கு ஆண்டுகள் புழங்கியவன் நான். கோபம் தணிந்தபின் சொல்லலாம் என்று ஒரு வாரம் காத்திருந்தும் அது தணியாததால், இருக்கிறபடியே எழுதிவிடுகிறேன். விற்ற கம்பெனியின் பெயரை மட்டும் எழுதவில்லை.

நான் கட்டியது காரைக்குடியில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் சிறு மாதிரி. முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடியும் இந்த ஊர் வீடுகளைச் செங்கல் பொம்மையில் கட்டுவதற்கு ஒரு வசதி இருக்கிறது. முகப்பு, முற்றம் உள்ள வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று கட்டுக் கட்டாகப் பிரிந்து கிடப்பதால், ஒவ்வொரு கட்டையும் 32-க்கு 32 குமிழ் (செங்கல் பொருந்தி உட்காரும் சிறு புடைப்பு) கொண்ட ஒரு தளத்தட்டில் தனியே கட்டி, தட்டுகளின் ஓரத்தில் வைக்கும் ஓட்டைச் செங்கற்களில் சிறு பிளாஸ்டிக் முளைகளைச் செருகி இணைத்துவிடலாம். லெகோ ரசிகர் கூடுகைகளில் வெவ்வேறு ஆட்கள் கட்டிவரும் வீடுகளை ஒரே தெருவாக நிறுத்துவதற்குப் பின்பற்றும் முறையும் இதுதான். ஒரு தட்டு 25.6 சென்டிமீட்டர் என்பதால், நான்கும் சேர்ந்தால் வீடு ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம் வரும்.

சுவர்கள் எல்லாம் லெகோ. மலேசியாவிலிருந்து ஐயா 1980களில் கொண்டுவந்த ஒரு பெட்டி பரணில் கிடந்தது. அதிலிருந்த வெள்ளைச் செங்கற்களைக் கழுவிக் காயவைத்து, புதிதாக வாங்கியவற்றோடு கலந்து அடுக்கினேன். எது பழையது, எது புதியது என்பதை விரல் கண்டுபிடிக்கவில்லை. செங்கல்லின் அடிப்பக்கத்தில் குழாய் வைத்துப் பிடிமானம் கொடுக்கும் அந்த அமைப்புக்கு 1958 ஜனவரி 28 அன்று டென்மார்க்கில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அந்த ஆண்டுச் செங்கல் இன்றைய செங்கல்லோடும் பொருந்தும். ஆனால் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் ஏறியிருக்கிற நாட்டில், தரைக்கும் தூணுக்கும் வேண்டிய ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளையும் லெகோவிலேயே வாங்க என்னால் இயலவில்லை. மலிவான செங்கல் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முகப்பிலும் வளவிலும் ஆத்தங்குடித் தரை போடுவதற்குக் குமிழ் இல்லாத ஒற்றைத் துண்டுகள் 1,100 வாங்கினேன். காரைக்குடிக்குப் பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் தரை ஓடு செய்யக் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்ட்டைக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மணலும் சிமெண்ட்டும் நிரப்பி, பிறகு தண்ணீரில் ஊறப்போடுவார்கள். பார்த்தவர்களுக்கு அந்த ஊற்றின் நெளிவு தெரியும். சதுரத் துண்டில் நெளிவு வராது என்று நினைத்திருந்தேன். செங்காவி, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று படிக்கட்டு போல மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு போனபோது, மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் பூ விரிந்திருந்தது. நகத்தை ஓட்டினால் எந்த இடத்திலும் தட்டவில்லை. நான்கு ஆண்டுகளில் ஒரு துண்டு கூடப் பெயரவில்லை, நிறம் மங்கவில்லை. துணியால் துடைக்கத் துடைக்க மினுக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை.

இனித் தூண்கள். முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்கள் பன்னிரண்டு. தூணுக்கு ஒன்பது உருண்டைத் துண்டுகளாக மொத்தம் 108, எல்லாம் அதே கம்பெனியின் பழுப்பு நிறம். ஓராண்டு கழித்து ஒரு துண்டின் அடிவிளிம்பிலிருந்து மயிரிழை போல வெள்ளைக் கோடு ஒன்று மேலே ஏறியிருந்ததைப் பார்த்தேன். கீழே இருக்கும் குமிழ் சுவரை வெளியே தள்ள, சுவர் திருப்பி அழுத்துவதுதான் இந்தப் பொம்மையின் பிடிமானம். அடுக்கி வைத்திருக்கும் வரை அந்த இழுவிசை ஓயாது. பிளாஸ்டிக் தரமாக இருந்தால் தாங்கும், இல்லாவிட்டால் பிளக்கும். எனக்குப் பிளந்தது. விற்றவர்களுக்குப் படத்தோடு எழுதியதற்கு, எண்ணிக்கையில் கூடுதலாகவே அனுப்பியிருக்கிறோம் என்று பதில் வந்தது. நான் எண்ணிக்கையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

சென்னையில் வயதுவந்த ரசிகர்கள் கூடி நடத்திய கண்காட்சிக்கு, பல்லவன் எக்ஸ்பிரஸில் முகப்புப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். மேசையில் பிரித்தபோது தாழ்வாரக் கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. 108 துண்டுகளில் 31 வெடித்திருந்தன. பசை வைப்பதில்லை என்பது எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. மண்டபம் கூட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் விளக்குமாற்று ஈர்க்குகள் கொஞ்சம் கேட்டு வாங்கி, உருண்டைத் துண்டுகளின் நடு ஓட்டை வழியாக இரண்டு மூன்றாகச் சேர்த்துச் செருகி, கதவு திறப்பதற்குள் பன்னிரண்டு தூண்களையும் நிமிர்த்தினேன். பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து கூரையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த உதவியை மறக்க மாட்டேன்.

மாலையில் கோட்டையூர் ஆச்சி ஒருவர் பேரனோடு வந்து, தரையை வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "ஏம்ப்பா, நிலைக்கு மேல கஜலட்சுமிய வைக்கலியா?" என்று கேட்டார். வைக்கவில்லைதான். தூண்களைக் காப்பாற்றும் கவலையில் ஓராண்டாக நிலைவாசல் பக்கம் நான் திரும்பவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தச் செங்கற்கள் மீது எனக்குள்ள உண்மையான வருத்தம் அதுதான். போன பணம் பெரிதில்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். தரைத் துண்டுகளைப் பற்றி நான் எழுதியது அத்தனையும் உண்மை, இருந்தாலும் வாங்காதீர்கள். சிறிய வீடாகக் கட்டுங்கள், பழைய லெகோ கிடைத்தால் கிலோக் கணக்கில் எடுங்கள், இரண்டு ஆண்டுகள் கூடுதலாக ஆனாலும் ஆகட்டும். தரைக்கென்று வாங்கியதில் மிச்சம் ஒரு டப்பா என்னிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்தால் எடுத்துப் போகலாம். பழுப்புத் தூண்களில் முழுசாக இருப்பவற்றைக் கேட்காதீர்கள். அவற்றை யார் வீட்டுக்கும் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.