மலக்குடல் புற்றுநோய் அறுவை: முழுக்க ரோபோவா, பாதி லேப்ராஸ்கோப்பியா?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமிருந்து பெங்களூருக்கு வரும் மலக்குடல் புற்றுநோயாளிகளின் குடும்பம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "ரோபோ வச்சே முழுசா பண்ணிடலாமா டாக்டர்?" பண்ணலாம். ஆனால் மேல்வயிற்று வேலையை லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் விட்டு, கையாலேயே செய்யும் அறுவை) முடித்து, இடுப்புக்குழிக்கு மட்டும் ரோபோவைக் கொண்டுவரும் கலப்பு முறைக்கே என் ஓட்டு.

ரோபோவின் முப்பரிமாணக் காட்சி, மணிக்கட்டுபோல் மடங்கும் கருவி, நடுக்கமின்மை எல்லோருக்கும் தெரிந்தவை. 471 நோயாளிகளிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ரோலார் ஆய்வில் (2017) திறந்த அறுவைக்கு மாறவேண்டி வந்தது ரோபோவில் 8.1 சதவீதம், லேப்ராஸ்கோப்பியில் 12.2, புள்ளியியல்படி அது உறுதியான வித்தியாசம் அல்ல. குறுகிய இடுப்புள்ள ஆண், பருத்த மெசோரெக்டம் (மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்புத் திசு), ஆசனவாய்க்கு அருகில் கட்டி, இப்படிப்பட்டவர்களிடம்தான் ரோபோ தன் கூலியைச் சம்பாதிக்கிறது.

முடிவைத் தீர்மானிப்பது அறுவை மேஜை. இரத்தக் குழாய்களைக் கட்டும்போது நோயாளியின் தலை தாழ்ந்து, வலப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். மண்ணீரலுக்குக் கீழே பெருங்குடல் திரும்பும் ஸ்ப்ளீனிக் ஃப்ளெக்சரை விடுவிக்கத் தலை உயரவேண்டும். இடுப்புக்குழிக்கு மறுபடி தலை தாழ வேண்டும். ரோபோக் கைகள் போர்ட்டில் (வயிற்றில் கருவி நுழையும் குழாய்) பூட்டியிருக்கும்போது மேஜையை அசைத்தால் வயிற்றுச் சுவர் கிழியலாம். ரோபோவோடு இணைந்து நகரும் மேஜை இல்லாத தியேட்டரில் ஒவ்வொரு முறையும் கழற்றி, சாய்த்து, மறுபடி டாக் செய்யவேண்டும், அதாவது கைகளைப் போர்ட்டுகளில் பூட்டவேண்டும். கலப்பு முறையில் இந்தச் சாய்ப்பெல்லாம் ரிமோட் பொத்தான் வேலை. டாக்கிங் ஒரே தடவை.

சொதப்புவது போர்ட்டில். லேப்ராஸ்கோப்பி வசதியை மட்டும் பார்த்துக் குத்திவிட்டு, பிறகு ரோபோவைக் கொண்டுவந்தால் கைகள் வெளியே முட்டிக்கொள்ளும். டா வின்சி ரோபோவின் எக்ஸ்ஐ மாடலுக்கு வலது அடிவயிற்றிலிருந்து இடது விலாவுக்குக் கீழ்வரை சாய்கோட்டில், 6 முதல் 8 செ.மீ. இடைவெளியில், 8 மி.மீ. ரோபோ போர்ட்டுகளை முதலிலேயே போட்டுவிட வேண்டும். 5 மி.மீ. லேப்ராஸ்கோப்பிக் கருவிகள் அவற்றில் இறங்கும். 10 மி.மீ. கேமரா இறங்காது, 5 மி.மீ. கேமராவைத் தயாராக வைக்கச் சொல்லுங்கள், அல்லது ரோபோவின் 8 மி.மீ. கேமராவையே கையில் பிடித்துக்கொள்ளலாம். டாக் செய்யும் முன் சிறுகுடல் முழுவதும் மேலே வலப்பக்கம் ஒதுங்கிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள். அப்புறம் அதற்காக மேஜையைத் தொட முடியாது.

அடுத்தது பில். ரோபோக் கருவி ஒவ்வொன்றுக்கும் இத்தனை அறுவை என்று ஆயுள் எண்ணிக்கை உண்டு. இடுப்புக்குழிக்கு மட்டும் ரோபோ என்றால் கத்தரி, இரத்தக்கசிவை நிறுத்தும் பைபோலார், திசுவைப் பிடிக்கும் ஒரு கிராஸ்பர் போதும். ஆனால் மேலே இரத்தக் குழாயைச் சுட்டு அடைக்கும் ஒரு எனர்ஜி கருவியைத் திறந்து, கீழே அதே வேலைக்கு ரோபோ வெசல் சீலரையும் திறந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் போச்சு. 2020 அக்டோபருக்குப் பிந்தைய மருத்துவக் காப்பீட்டு பாலிசிகள் ரோபோ அறுவையை ஒதுக்க முடியாது, அதற்குத் தனி உச்சவரம்பு (சப்-லிமிட்) வைக்கலாம். அதை அட்மிஷனுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குடலை மூடி வெட்டும் ஸ்டேப்ளர் விஷயத்தில் முழு ரோபோ ஜெயிக்கிறது. ஆழமான, குறுகிய இடுப்பில் சாதாரண ஸ்டேப்ளர் குடலுக்குச் செங்கோணத்தில் அமராமல் மூன்றாவது கேட்ரிட்ஜ் (பின் அடங்கிய பெட்டி) கேட்கும். கேட்ரிட்ஜ் கூடக்கூடக் குடல் இணைப்பில் கசிவு ஆபத்தும் கூடும். இணைந்த மேஜையும் ரோபோ ஸ்டேப்ளரும் இரண்டுமே இருக்கும் இடத்தில் என் வாதம் பாதி வலுவிழக்கும். தனித்தனி வண்டிகளில் கைகள் வரும் புதிய ரோபோக்களில் இந்தக் கணக்கு மாறலாம். வலப்பக்கப் பெருங்குடலுக்குக் கலப்பு முறை பெரிதாகப் பயன்படாது. அங்கே வேலை பெரும்பாலும் ஒரே பகுதியில் முடிந்துவிடுகிறது.