கணினி முன் வறளும் கண்களுக்கு ரெஃப்ரெஷ் டியர்ஸ்: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

நாள்தோறும் ஒன்பது மணி நேரம் கணினித் திரையில் கணக்குகளைச் சரிபார்க்கும் எனக்கு, பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கண்ணுக்குள் மணல் விழுந்தது போன்ற உறுத்தலும் எரிச்சலும் வழக்கமாகிவிட்டன. ஒரு கண்ணாடிக் கடையில் சொன்னதை நம்பி, நீல ஒளியைத் தடுக்கும் பூச்சுக்குக் கூடுதல் பணம் கொடுத்து முதலில் கண்ணாடிதான் வாங்கினேன். உறுத்தல் சிறிதும் குறையவில்லை. கண் சோர்வைக் குறைப்பதில் இவை சாதாரணக் கண்ணாடிகளைவிட மேலானவையாகத் தெரியவில்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு கூறுவதைப் பின்னரே அறிந்தேன்.

கண் மருத்துவர் பரிசோதித்துவிட்டு எழுதித் தந்தது ரெஃப்ரெஷ் டியர்ஸ் என்ற கண் சொட்டு மருந்து. நிமிடத்துக்கு 15 முறையாவது இமைக்கும் நாம், திரையை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை என்றும், அதனால் கண்ணின் மேலுள்ள கண்ணீர்ப் படலம் புதுப்பிக்கப்படாமல் ஆங்காங்கே உலர்ந்துவிடுகிறது என்றும் அவர் விளக்கினார். இம்மருந்திலுள்ள 0.5 சதவீதக் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் ஈரத்தைப் பிடித்துவைத்து அந்தப் படலத்துக்குத் துணை நிற்கிறது.

விட்டவுடன் சில நொடிகள் பார்வை மங்குகிறது. இவ்வகை மருந்துகளின் இயல்பு அது. தெளிந்த பிறகு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எனக்கு உறுத்தல் இருப்பதில்லை. நான் மிகவும் மதிப்பது இதிலுள்ள பதனப்பொருளை, அதாவது மருந்து கெடாமல் காக்கச் சேர்க்கப்படும் பொருளை. பல சொட்டு மருந்துகளில் சேர்க்கப்படும் பென்சால்கோனியம் குளோரைடு, அடிக்கடி விட்டால் கண்ணின் மேற்பரப்பைப் பாதிக்கக்கூடியது. இதிலுள்ள ஆக்ஸிகுளோரோ சேர்மமோ கண்ணில் பட்டதும் உப்பாகவும் நீராகவும் பிரிந்துவிடுகிறது. அப்படியும், நாளுக்குப் பலமுறை விட வேண்டிய நிலையிலுள்ளவர்கள் பதனப்பொருளே இல்லாத ஒருமுறைக் குப்பிகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது நல்லது.

குளிர்சாதனக் காற்று நேராக முகத்தில் அடிக்கும் இருக்கையில் எந்தச் சொட்டு மருந்தும் நெடுநேரம் தாங்காது. காற்றுப்போக்கைத் திருப்பிவைத்து, திரையைக் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்கிய பிறகுதான் நாளுக்கு நான்கு வேளை மருந்து விட்டது மூன்றாகக் குறைந்தது.

மருந்துக் கடையில் பெயர் சொல்லாமல் ‘கண் சொட்டு’ என்று கேட்காதீர்கள். இரத்த நாளங்களைச் சுருக்கிச் சிவப்பை மறைக்கும் மருந்து கைக்கு வந்துவிடக்கூடும். அது வறட்சிக்கு உரியதன்று, தொடர்ந்து விட்டால் சிவப்பு முன்னிலும் மிகுந்து திரும்பும். வலியோ பார்வைக் குறைவோ இருந்தால் கடைக்கே போகாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

திறந்த குப்பியை ஒரு மாதத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்பதால், திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவைக்கிறேன். இரு கண்களுக்கும் மூன்று வேளை விட்டால், 10 மி.லி. குப்பி ஏறத்தாழ அந்த ஒரு மாதத்துக்குச் சரியாக இருக்கிறது.