பையா, விரலா? ஹோவர்கிராஃப்ட் ஸ்கர்ட்டில் நான் எடுத்த முடிவு

இரண்டு பேர் அமரும் சிறிய ஹோவர்கிராஃப்ட் (காற்றின் மேல் மிதந்து தரையிலும் நீரிலும் ஓடும் ஊர்தி) ஒன்றைக் கட்டி முடித்து, இரண்டு ஆண்டுகளாகச் சேற்றுத் திட்டுகளில் ஓட்டி வருகிறேன். எஞ்சின் எது, விசிறி எது என்றுதான் பலரும் கேட்கிறார்கள். எனக்கோ தூக்கத்தைக் கெடுத்த கேள்வி ஸ்கர்ட்தான். வண்டியின் விளிம்பைச் சுற்றித் தொங்கும் அந்தத் துணியை ஒரே நீளப் பையாகத் தைப்பதா, விரல்கள் எனப்படும் தனித்தனித் துண்டுகளாகத் தைப்பதா? நான் விரல்களைத் தேர்ந்தெடுத்தேன். இன்று மறுபடி கட்டினாலும் அதையே செய்வேன்.

முதலில் ஸ்கர்ட்டின் வேலையைப் பார்த்துவிடுவோம். விசிறி கீழே தள்ளும் காற்று வண்டிக்கடியில் தேங்கி, வண்டியைத் தூக்குகிறது. இதற்குப் பெரிய அழுத்தம் தேவையில்லை. ஆட்களோடு 400 கிலோ எடை, அடிப்பரப்பு 6 சதுர மீட்டர் என்றால், ஒரு சதுர மீட்டருக்கு 67 கிலோவுக்கும் குறைவு. நிற்கும் மனிதனின் பாதம் தரையில் தரும் அழுத்தம் இதைப்போல் இருபது மடங்குக்கும் மேல். அதனால்தான் மனிதன் முழங்கால் வரை புதையும் சேற்றில் இந்த வண்டி தடமே இல்லாமல் போகிறது.

1955இல் ஹோவர்கிராஃப்டைக் கண்டுபிடித்த ஆங்கிலப் பொறியாளர் கிறிஸ்டோபர் காக்கரெல் இரண்டு தகர டப்பாக்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்து, நடுவிலுள்ள வளைய இடைவெளியில் காற்றைச் செலுத்திப் பார்த்தபோது ஸ்கர்ட் இல்லை. 1959 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்த எஸ்.ஆர்.என்.1 ஊர்தியிலும் இல்லை. தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையில் சில அங்குலங்களே இருந்ததால் அலையும் கல்லும் அதற்குப் பெரிய தடைகள். துணி வந்த பிறகுதான் ஹோவர்கிராஃப்ட் பிழைக்கும் தொழிலானது.

பை வகையில், வண்டியைச் சுற்றி ஊதிய டியூப் போல ஒரே துணி. உள்ளே அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருக்கும். துளைகள் வழியாக அந்தக் காற்று அடியில் இறங்கும். தைப்பது எளிது. ஒரு பக்கம் சாய்ந்தால் பை நசுங்கி எதிர்த்துத் தள்ளுவதால் வண்டி நிலையாக நிற்கிறது. பின்பக்கமாக இழுத்தாலும் எதிலும் மாட்டுவதில்லை. இவை மெய்யான நன்மைகள்.

ஆனால் கிழிந்தால்? என்னோடு ஓட்டும் நண்பர் ஒருவரின் வண்டியில் பைதான். சிப்பி ஓடுகள் நிறைந்த திட்டொன்றில் அது ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்தது. கிழிசல் வழியாகக் காற்று வெளியேற, பையின் அழுத்தம் குறைய, அந்தப் பக்கம் முழுவதும் தொய்ந்து தரையில் உரசியது. உரசும் பக்கம் இழுப்பதால் வண்டி அதே பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தது. ஓதம் ஏறிக்கொண்டிருந்த நேரம். ஈரச் சேற்றில் துணியைத் துடைத்துக் காயவைத்துப் பசை போட வழியில்லை. என் வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு, அவர் வண்டியை மிதக்கவிட்டு இழுத்து வந்தோம். அந்த ஒரு மணி நேரப் பயம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

விரல் வகையில் ஒவ்வொரு துண்டும் தனியாக மேலே வெளி விளிம்பிலும் கீழே உள் விளிம்பிலும் கட்டப்பட்டிருக்கும். என் வண்டியில் 62 விரல்கள். ஒன்று கிழிந்தால் இரு பக்கத்து விரல்களும் உப்பி அந்த இடைவெளியைப் பெரும்பாலும் அடைத்துவிடுகின்றன. வண்டி கொஞ்சம் தாழும், ஆனால் ஓடும். நான் எப்போதும் 5 உதிரி விரல்கள், ஒரு கட்டு கேபிள் டை, ஒரு வெட்டுக் குறடு, முட்டுக் கொடுக்க இரண்டு மரக்கட்டைகள் கொண்டு போகிறேன். கரை ஒதுங்கி ஒரு விரலை மாற்ற எனக்குப் பதினைந்து நிமிடம் ஆகிறது. பெரிய ஊர்திகளும் தேய்மானத்தை விரல்களிடமே விட்டன: 1968 முதல் 2000 வரை கால்வாயில் காரும் பயணிகளும் ஏற்றிச் சென்ற எஸ்.ஆர்.என்.4 வகையில் மேலே பை, தரையைத் தொடும் கீழ்ப்பகுதியில் விரல்கள். தேய்வதை மட்டும் கழற்றி மாற்றினால் போதும்.

விரல்களின் குறையையும் சொல்ல வேண்டும். பின்வரிசை விரல்கள் வாய் திறந்த பைபோல நீரை அள்ளுகின்றன. நீரில் புறப்படும்போது, தன் எடையால் ஏற்பட்ட பள்ளத்திலிருந்து வண்டி தன் முன்னலையின் மேல் ஏறித் தாண்ட வேண்டும். அந்தக் கட்டத்தில் அள்ளிய நீர் வேகத்தைத் தின்கிறது. ஓரிரு முறை என்னால் ஏறவே முடியாமல், கூட வந்தவரை முன்னால் நகரச் சொல்லி எடையை மாற்றியபின்தான் கிளம்பினேன். தைக்கும் வேலையும் மலைப்பானது. எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

நான் ஓட்டுவது சேறும் ஆழமற்ற நீரும்தான். திறந்த கடல் அலையிலோ பனியிலோ ஓட்டியதில்லை. பெரும்பாலும் அமைதியான ஏரியில் மட்டும் ஓட்டுபவருக்குப் பையே போதும் என்று நினைக்கிறேன்.

விரல்களைத் தைக்கிறவர்கள் அளவு அட்டைகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பக்கத்துக்கு ஒன்று, மூலைக்கு ஒன்று, பின்வரிசைக்கு ஒன்று என மூன்று அட்டைகள் என் பட்டறைச் சுவரில் தொங்குகின்றன. முதலில் தேய்ந்தவை பின்வரிசை விரல்கள். அந்த அட்டையைத்தான் இதுவரை அதிகம் எடுத்திருக்கிறேன்.